ஹமூதின் தனி வண்டி

குவைத்தின் ஜஹ்ராவில் ஊரோடு ஒட்டாத ஒரே ஆள் தான்தான் என்பது ஹமூதின் நினைப்பு. தன் வெள்ளை வண்டியின் கைப்பிடி, ஜன்னல் விளிம்பு என்று பளபளத்த இடமெல்லாம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

"என்னோடது மட்டும் தனியாத் தெரியணும்டா!"

ஒரே மாதத்தில், திவானியா என்னும் விருந்தினர் கூடத்தில் அவரோடு உட்கார்ந்து அரட்டையடிக்கும் நாங்கள் அத்தனை பேரும் எங்கள் வெள்ளை வண்டிகளுக்கு அதையே செய்துகொண்டோம்.

ஆகஸ்ட் வெயிலில் ஏசி ஓடட்டும் என்று என்ஜினை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே காப்பி குடிப்போம். நேற்று முதலில் கிளம்பிப்போன ஹமூத், வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"எவனோ என் வண்டியில ஆட்டை ஏத்திவிட்டிருக்கான்டா!"

"அது என் வண்டிண்ணே. ஆடாவது தனியாத் தெரிஞ்சுதே!"