பசு நக்கிய சுவர்

காண்ட்ராக்டர் அண்ணாச்சி, நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள்.

இந்தத் தீவுக்கு வந்து ஹேடோவில் நான் கட்டிய வீட்டின் பூச்சு வேலையையும் முன்தோட்டத்தையும் ஊர்க்காரர் என்று நம்பித்தான் உங்களிடம் விட்டேன். கடல் மணல் மட்டும் வேண்டாம் என்றேன். "நம்மூர்க்காரனுக்கு அப்படிச் செய்வனா தம்பி? எல்லாம் ஓடை மணலுல்லா!" என்று தோளில் தட்டினீர்கள்.

என் மனைவி கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மல்லிகைப் பதியனைத் தோட்டத்தில் நட்டாள். குடிதண்ணீரைக்கூட ஊற்றினாள். அது கருகிப்போனது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரரின் பசு எங்கள் புதுச்சுவரை விடாமல் நக்கியது. அதை இழுத்துக்கொண்டே அவர் சிரித்தார். "சுவர் பூரா நமக், பாய். உப்பு! உங்க வீடு இதுக்கு மிட்டாய்!"

உடனே மல்லிகையைப் பிடுங்கித் தோண்டினேன். மேலே ஒரு சாண் செம்மண். அடியில் கடல் மணலும் சிப்பியும்.

உங்களிடம் வந்து கேட்டேன். "தீவுல எல்லாரும் இப்படித்தான் கட்டுதாங்க" என்றீர்கள். அப்படியானால் அன்று ஏன் பொய் சொன்னீர்கள்? இப்போது யாராவது 'நம்மூர்' என்றாலே எனக்கு வாயில் உப்புக் கரிக்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு நம் ஆட்கள் எல்லோரும் கூடுவார்கள். அன்று அவர்களோடு என் வீட்டுக்கு வாருங்கள். அவர்கள் முன்னால் அந்தச் சுவரை நக்கிவிட்டு, ஓடை மணல்தான் என்று சொல்லுங்கள்.