அத்தான் பூசிய சுவர்

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் குடியிருக்கும்வரை வாடகையை ஏற்றக் கூடாது என்று சட்டம் வந்த அன்று, அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். வீட்டுக்காரரோ அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஓர் ஆணிகூட அடித்துத் தரவில்லை. ஓடு உடைந்து ஒழுகியது. சுவர் ஊறிக் காரை உதிர்ந்தது.

அத்தான் பஸ் பணிமனையில் பெயின்டர். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிமென்ட் குழைக்க உட்கார்ந்துவிடுவார்.

"அடுத்தவன் வீட்டுக்கு ஏன் இப்படி மாடா உழைக்கிறீங்க?" என்பாள் அக்கா.

"வீடு அவருதுதான். ஒழுகுறது நம்ம தலையிலதானே?" என்று சிரிப்பார். "மாப்ள, ஏணியப் பிடி. உங்கக்கா பேசிக்கிட்டே இருப்பா."

போன மாதம் அடைமழையில் ஓடு மாற்ற ஏறினார். நான் ஊரில் இல்லை. ஏணியை அக்காதான் பிடித்திருந்தாள். வழுக்கி விழுந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்த வீட்டுக்காரர் உட்காரவில்லை. சுவரைத் தடவினார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மனுஷன் புது வீடு மாதிரி வச்சிருக்காரும்மா," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பழைய வாடகை அவர் பேருக்குத்தான். இனிமே இப்படி ஒரு வீடு வெளியில என்ன வாடகைக்குப் போகுதோ, அதக் குடுத்துட்டுத் தாராளமா இருங்க" என்றார்.

இன்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அக்கா சொன்னாள்.

"ஒழுகினா ஒழுகட்டும்னு விட்டிருக்கலாம்டா."