கடலுக்கு முதுகு காட்டிய வீடு

வன்னியில் என்னைக் கட்டடக்கலைஞர் என்று யாரும் சொல்வதில்லை. 'பிளான் கீறுற சேர்' என்பார்கள். அந்தந்த இடத்து மண்ணில் செய்த கல், பனைமரக் கூரை, ஓடு, நிற்கிற மரத்துக்கு வழிவிட்டு வளையும் சுவர் என்று வேலை செய்கிறவன் நான். கேட்டு வருபவர்கள் குறைவு. வந்தவர்களிலும் பாதிப்பேர், "மண்வீட்டில இருந்து அலுத்துப்போச்சு சேர், சீமெந்தில போடுங்கோ" என்பார்கள். போரில் இடம்பெயர்ந்து கொட்டில்களிலும் கூடாரங்களிலும் அத்தனை வருடம் கிடந்தவர்கள் அவர்கள்.

அதனால்தான் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பத்தார் தாங்களாகவே கூப்பிட்டபோது உற்சாகமாகப் போனேன். ஸ்கந்தபுரத்தில் நான் கட்டிய பாலர் பாடசாலைக்குள் ஒரு மத்தியானம் இருந்து பார்த்திருக்கிறார் கணவர். அந்தக் குளிர்ச்சி அவருக்குப் பிடித்துவிட்டது.

காணி ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே கடல், மேற்கே அலையில்லாத களப்பு நீர். பார்த்த உடனேயே வீடு மனதுக்குள் வந்துவிட்டது. மண்டபத்தின் கிழக்குச் சுவரில் பெரிய திறப்பு; உள்ளே படுத்திருந்தாலே அடிவானம் தெரியும்.

"கடல் பக்கம் சுவர் மட்டும் போதும் சேர்" என்றார் அவர் மனைவி. "ஜன்னல் ஒண்டும் வேண்டாம்."

காற்றைப் பற்றி விளக்கினேன். வெளிச்சத்தைப் பற்றி விளக்கினேன். மூன்று தரம் போய்க் கதைத்தேன். மூன்று தரமும் அவர் அதையேதான் சொன்னார். கணவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடிந்ததும் அந்த அம்மாவுக்கே பிடித்துப்போகும் என்று நான் நினைத்தேன்.

இளைய மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அந்த அம்மா வவுனியாவுக்குப் போன கிழமையில், அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று மேசனிடம் பொய் சொன்னேன். திறப்பு வைத்துச் சுவர் எழும்பியது.

திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. திறப்புக்குள்ளால் தெரிந்த கடலைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். நான் கிட்டப் போனேன்.

"சுனாமியில என்ர மூத்தவள் போனவள் சேர். ஆறு வயசு. நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டனான். அது வாறதை ஜன்னலாலதான் பாத்தனான்." குரலை உயர்த்தவே இல்லை. "உங்களிட்ட மூண்டு தரம் சொன்னனான்."

கணவர் என்னை வாசல் படலைவரை கூட்டிக்கொண்டு வந்தார். "நானாவது விளக்கமாச் சொல்லியிருக்க வேணும். எனக்கு வாய் வரேல்ல" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்த நாள் மேசனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாந்து குழைத்தார். நானும் கல் தூக்கிக் கொடுத்தேன். பின்னேரத்துக்குள் திறப்பை மூடிவிட்டோம். இடுப்பு பிடித்துக்கொண்டதில் இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. படுத்தபடியே பிளானை மாற்றினேன். விறாந்தையும் குசினியும் களப்பைப் பார்க்கத் திரும்பின. கடல் பக்கச் சுவரில், கூரைக்குக் கீழே மட்டும் காற்று வர ஒரு நீண்ட இடைவெளி.

இந்தமுறை கேட்டுவிட்டுத்தான் செய்தேன். அவர் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். நிலத்தில் குந்தியிருந்தும் பார்த்தார். வானம் மட்டும்தான் தெரிந்தது.

"இது பரவாயில்லை" என்றார்.

அவர்கள் குடிபோய் ஆறு மாதமிருக்கும், கட்டடங்களைப் பற்றி எழுதும் கொழும்பு நண்பர் ஒருவர் படங்களைக் கேட்டார். அனுப்பினேன். "கடற்கரையில கட்டிப்போட்டு ஏன் கடலை மறைச்சனீர்?" என்று கேட்டார். படங்களைப் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் நோவோடு பஸ் ஏறி இறங்குவதே பெரிய வேலை. போன கிழமை ஓமந்தையில் ஒருவர், நல்ல தண்ணீர் ஊறும் கிணற்றை மூடிவிட்டு அதன்மேல் அறை போடச் சொன்னார். முன்பென்றால் உடனே மறுத்துக் கதைத்திருப்பேன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, ஏன் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்.