ஃபிர்தௌஸும் 25.7 டிகிரியும்

எனக்கு மூக்கின் மேல் கோபம். ஓசூரில் குளிர்பதனக் கருவிகள் செய்யும் கம்பெனியில் சர்வீஸ் பிரிவு என் பொறுப்பு. தளியில் நஞ்சம்மாவின் பூக்கிடங்கில் எங்கள் புதுக் கருவி ஓடாமல் ஐந்நூறு கட்டு ரோஜா வாடிப்போன அன்று, வயரிங் செய்த வெள்ளைச்சாமியைப் போனிலேயே காய்ச்சி எடுத்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி மேலே எழுதியும் கொடுத்துவிட்டேன்.

"வயரிங் போட்டோவ நான் ஒருவாட்டி பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டது ஃபிர்தௌஸ் மட்டும்தான்.

கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அதிகம் பேச மாட்டார். லேப்டாப்பில் எழுதும் புரோகிராமைக் கருவியின் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கிராஸ் கம்பைலர், ஒன்பது வருஷமாக அவர் கையில் இருக்கிறது. அன்று அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"தப்பு என்னுது சார்."

எந்த எண்ணையும் சிப் இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளும்: 256 எத்தனை, மீதி எத்தனை. பழைய சிப் மீதியை முதலில் படிக்கும், புதுச் சிப் கடைசியில். கம்பைலரோ பழைய வரிசையிலேயே எழுதியிருந்தது. நாங்கள் வைத்த இரண்டு டிகிரியை ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று படித்த கருவி, அவ்வளவு சூடு ஏறட்டும் என்று கம்ப்ரஸரைப் போடவே இல்லை.

"டெஸ்ட்ல ஓடிச்சேம்மா?"

"அன்னிக்கு ரூம்ல 25.7 டிகிரி. அதையே அளவா வெச்சு, சென்சார விரலால புடிச்சேன், விரல் சூடு பட்டதும் ஓடிச்சு. பத்தால பெருக்கித்தானே எழுதறோம்? 257ன்னா ஒரு 256, மீதி ஒண்ணு. எப்படித் திருப்பினாலும் அதேதான். வேற நம்பர் வெச்சுப் பார்க்காம விட்டுட்டேன்."

சத்தமில்லாமல் புரோகிராமை மாற்றிவிடலாம், வெள்ளைச்சாமி வேறெங்காவது பிழைத்துக்கொள்வார் என்றார் மேலாளர். ஃபிர்தௌஸ் வாதாடவில்லை. தன் பெயரைப் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டு, மறுநாள் தளிக்குப் புறப்பட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது, கூடவே போனேன்.

வெள்ளைச்சாமி தரையில் உட்கார்ந்து வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நஞ்சம்மாவின் முன்னாலேயே ஃபிர்தௌஸ் சொன்னார்: "பூ கெட்டது என்னாலங்க. அண்ணன் வயரிங் ரொம்பச் சரியா இருக்குது."

வெள்ளைச்சாமி மதுரைப் பக்கத்து ஆள். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நெசமாவா தாயி? மூணு தடவ பிரிச்சு மாட்டிட்டேன். எங்க தப்புன்னே தெரியல. பதினெட்டு வருசமா பாத்த வேல எனக்கு மறந்துபோச்சுன்னே நெனச்சுட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் நானும் வந்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.