அம்புக்குறிகளுக்குப் பயந்த காலம்

நிரல்மொழி ஆராய்ச்சி என்றால் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பிச் சேர்ந்தவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

ஒரு வரி நிரல்கூட இல்லை

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்த வாரமே என் மேற்பார்வையாளர் டாக்டர் லிம் ஒரு தடித்த போட்டோஸ்டாட் கட்டைக் கையில் வைத்தார். கேட்டகரி தியரி என்ற கணிதம். பொருள்கள் வெறும் புள்ளிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் அம்புக்குறிகள். புள்ளிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, அம்புகள் எப்படிச் சேர்கின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். நிரல்மொழிகளுக்கு அடித்தளமே இதுதான் என்றார். புரட்டினேன். ஒரு வரி நிரல்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: “டேக் யுவர் டைம் லா. பட் ஜூன் ரிவியூ ஃபெயில், ஸ்காலர்ஷிப் ஸ்டாப்.”

சாந்தியின் சந்தேகம்

பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் சாந்தி, நர்ஸ். அவள் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அம்பு வரைந்து, அடித்து, மறுபடி வரைந்துகொண்டிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் தரை முழுக்கப் பரப்பியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் மெதுவாகக் கேட்டாள்: “எத்தனை நாளா இப்படி இருக்கு? டாக்டர்கிட்ட வேணா கூட்டிட்டுப் போறேன், வா.”

சித்தப்பா கடை

கிள்ளானில் சித்தப்பாவுக்கு மோட்டார் சாமான் கடை. ஒரு சனிக்கிழமை போனபோது அங்கே கம்ப்யூட்டர் உயிரில்லாமல் கிடந்தது. படிச்ச புள்ள வந்துட்டா என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது இதுதான்: “பரவால்லம்மா, பக்கத்துக் கடை ஆ சோங் ரெண்டு தட்டு தட்டுனா ஓடும். நீ உக்காந்து தண்ணி குடி.”

ரிவியூ

மூன்று பேர் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிரலைச் சுருக்கிவிட்டு ஓட்டினாலும், சுருக்காமல் ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும் என்று போர்டில் அம்புகளால் நிறுவிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றது. ஓர் அம்பு தலைகீழ். யாரும் கவனிக்கவில்லை, அப்படியே போய்விடலாம். ஆனால் மறைக்கவும் தெம்பில்லை. “சாரி, இது தப்பு” என்று அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன்.

பாஸ் என்று சொல்லி அனுப்பினார்கள். தாழ்வாரத்தில், மூவரில் ஒருவரான டாக்டர் ராஜேஸ்வரி என் தோளைத் தொட்டார். “நீ அழிக்கலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது லா. போர்டுல என்ன இருந்துச்சுன்னே எங்களுக்குப் புரியல.”

இப்போது அந்தப் பாடத்தை நானே நடத்துகிறேன். பயம் எனக்குப் பாதி, மாணவர்களுக்குப் பாதி.