டீச்சரம்மா மாட்டிவிட்ட ஜோடி

அன்றைக்கு சாம்பிள் ரூமில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஒருநாள் வகுப்பு எடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த டீச்சரம்மா. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆபீசிலிருந்து வந்த பெண். சூப்பர்வைசர். பக்கத்து மிஷினில் தைக்கிற அக்கா. பசை தடவும் பெரியவர். நான். இதைச் சரியாக எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. சாயந்திரம் விசாரித்தபோது அந்த ரூமில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்று ஆகிவிட்டது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஹைவே ஓரத்து ஷூ கம்பெனி அது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். வருஷக்கணக்காகப் பெரிய ஹாலில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் சாம்பிள் ரூமில் மிஷின் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் பார்ப்போம், சரியாக வரவில்லை என்றால் பழையபடி ஹாலுக்குப் போ என்றுதான் கொடுத்தார்கள். ஊசி உடைந்தால், தோலில் எண்ணெய் பட்டால், தையல் கோணினால் என்று படுத்தாலும் அதே நினைப்பு.

அன்றைக்கு என் மேஜையில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. பழுப்பு நிறத்தில் பெண்கள் போடும் ஷூ. நான் தைத்துக் கொடுத்து, சோல் ஒட்டி, பாலிஷ் ஏறி, நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க என்னிடமே திரும்பி வந்திருந்தது. சாயந்திரம் கூரியரில் போகவேண்டும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர்.

“ஒரு மடிப்பு விழக்கூடாது. விழுந்துச்சி, உன் சம்பளத்துலதான் பிடிப்பாங்க” என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

டீச்சரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவர்கள் ஊரில் ஷூ தைக்கச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். கம்பெனி கேட்டில் வரவேற்றுப் போட்ட மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல், மாலையும் சால்வையுமாகவே வகுப்பு எடுத்தார். ரோஜா இதழ் என் மிஷின்மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. தோலில் சாயம் ஒட்டிவிடுமோ என்று நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் வருவோம். வெறுங்கால். அவர் ஏதோ கேட்க, ஆபீஸ் பெண் என்னிடம் திரும்பினாள்.

“நீங்க தெச்ச ஷூவ என்னைக்காவது போட்டுப் பாத்திருக்கீங்களான்னு கேக்கறாங்கக்கா.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இவளா? கண்ணாலத்துக்கே ரப்பர் செருப்புதான்.”

போட்டுப் பார்க்காதவளுக்கு எங்கே கடிக்கும் என்று எப்படித் தெரியும், அதுதான் முதல் பாடம் என்றாராம் டீச்சரம்மா. சொல்லிக்கொண்டே அந்த ஜோடியைக் கையில் எடுத்துவிட்டார்.

“சொல்லும்மா, அது கூரியர்ல போற ஜோடி” என்றேன் ஆபீஸ் பெண்ணிடம்.

“அவங்க கெஸ்ட்டுக்கா. இன்னா கேட்டாலும் எஸ் சொல்லணும்னு மேனேஜர் சொல்லியிருக்கார்.”

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் டீச்சரம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பல்லிடுக்கில் என்னிடம் சொன்னார். “போடு, போடு. அந்தக் கால மட்டும் தொடச்சிக்கோ. பாலாறு மாதிரி வெடிச்சிக் கெடக்குது.”

துடைக்கக்கூட விடவில்லை. டீச்சரம்மா என் முன்னால் மண்டிபோட்டு, தன் கையால் என் காலில் மாட்டிவிட்டார். அவர் தலைக்கு மேலே எல்லோரும் சிரிக்கிறார்கள். பெரியவர்கூட. நோ என்கிற ஒரு வார்த்தை எனக்கும் தெரியும்.

எங்கே கடிக்கிறது என்று கேட்டார். குதிகாலில் கடித்தது. கடிக்கிறது என்றால் என் தையல் கோணல் என்று ஆகுமே. “எங்கியும் இல்ல மேடம்” என்றேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிப்போனார். புது ஷெட்டுக்குக் கொட்டியிருந்த ஜல்லிமேல் நடக்கச் சொன்னார். விரலை மடக்காமல், கட்டையாகக் காலை வைத்து நடந்தேன். நன்றாக மடக்கி நட என்று அவரே நடந்து காட்டினார்.

“ராணி மாதிரி நடடி” என்றாள் அக்கா வாசலில் நின்று.

மடக்கினேன். தோல் மொறுக்கென்றது. டீச்சரம்மா கைதட்டி, போனை எடுத்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

டீச்சரம்மா மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, காரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே, கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டார். கார் போன பிறகு மேனேஜர் அந்த ஜோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே குறுக்காக இரண்டு மடிப்பு. அடியில் ஜல்லி கீறிய வெள்ளைக் கோடுகள்.

“நான் நூல் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தேன் சார்” என்றார் சூப்பர்வைசர்.

“நான் குனிஞ்சி தெச்சிக்கினு இருந்தேன்” என்றாள் அக்கா.

பெரியவர் காது கேட்காதவர்போல நின்றார். எனக்கு ஆபீஸ் பெண்மேல்தான் நம்பிக்கை. படித்த பெண், கூடவே நின்றவள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அக்காதான் ஆசையா போட்டுக்கிட்டாங்க சார்.”

“இல்ல சார், அந்தம்மாதான் மாட்டிவிட்டாங்க, இவர்தான் போடச் சொன்னாரு” என்றேன்.

மேனேஜர் தன் போனை என் பக்கம் திருப்பினார். டீச்சரம்மா நன்றி சொல்லி அனுப்பிய போட்டோ. மாலையும் சால்வையுமாக அவர், பக்கத்தில் அந்த ஷூவோடு பல் தெரியச் சிரிக்கிற நான்.

“பலவந்தத்துல போட்டவ மூஞ்சா இது?”

வேறு ஜோடி தைத்து இரண்டு நாள் தாமதமாகப் போனது. அதை அக்கா தைத்தாள். என்னை ஹாலுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. கழித்த ஷூ வெளியே விலைக்குப் போகக்கூடாது என்பதால் வெட்டிப்போடுவது வழக்கம். கத்தியை என்னிடமே கொடுத்தார் சூப்பர்வைசர். நல்ல தோல். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கியது.

வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காலுக்கு சரியா இருந்துச்சா?” என்றார் என் வீட்டுக்காரர். கிண்டலா, நிஜமாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தோலுக்கும் கூலிக்கும் ஆன கணக்கைப் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வாங்குகிறவர்கள் ஊர்க் கடையில் விற்கிற விலையைப் போட்டார்கள், பதினோராயிரத்து நானூறு. மாசம் ஆயிரமாகப் பிடிக்கிறார்கள். இந்த மாசத்தோடு ஏழு ஆனது. பாக்கி நாலாயிரத்து நானூறு ரூபாய்.