துரும்பு முறிக்க ஆள் இல்லாத வருஷம்

தேவனூர் நாட்டில் பட்டக்காரர் செத்தபோது நான் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; அதற்குத் தலைவர் அவர். அவர் கையால் ஒரு துரும்பை முறித்துப் போட்டால்தான் புருஷன் பெண்டாட்டி உறவு அறும். எங்களுக்கு முறிப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் போய்விட்டார்.

என் புருஷன் கெட்டவர் அல்ல. பேசமாட்டார், அவ்வளவுதான். சுவரோடு குடித்தனம் நடத்தின மாதிரி இருந்தது. அவருக்கும் என்னை விட்டால் போதும். திருப்புலி நாட்டில் மிளகு போட்டிருந்த ஒருவர், பெண்டாட்டியை இழந்தவர், எனக்காகக் காத்திருந்தார். சாமை அறுப்புக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவர் அண்ணன் சொல்லி அனுப்பினார்.

புதுப் பட்டக்காரருக்கு மூன்று ஊர்க்காரர்கள் மூன்று ஆளைச் சொன்னார்கள். இரண்டு ஊர் சேர்ந்தால் போதும். சேருவார்கள். கோயில் முதல் மரியாதை யாருக்கு என்று வந்ததும் பிரிவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாங்கள் இருவரும் போயாக வேண்டும். புதுப் பட்டக்காரர் பதவியில் உட்காரும் அன்று எங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் வழக்கு தள்ளிப்போகும். நான் அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன்; அந்த ஊர் அவர் போகும் வழியில்தான் இருந்தது. சேர்ந்தே நடந்தோம். கூட்டம் இழுத்துக்கொண்டே போகும். நான் கொண்டுபோன கிழங்கை அவரும் தின்றார்.

நடக்கும்போது அவர் பேசினார். மாடு, மழை, அவர் அம்மாவின் முழங்கால் எல்லாம் பேசினார். இதை வீட்டில் பேசியிருந்தால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

தலைவர் இல்லாமல் நாடு நின்றுபோகும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. செத்தவரின் தலைப்பாகையைப் பலகையில் வைத்து, அதன் முன்னால் முதல் விதை போட்டார்கள். வரப்புச் சண்டைக்காரர்கள் இருவர் அதனிடமே முறையிட்டு, பதில் வராமல் வெட்கப்பட்டு, தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் பட்டக்காரர் எதற்கு? ஆனால் என் வழக்கை மட்டும் எடுக்கமாட்டோம் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். தலைப்பாகைக்குக் கை இல்லையாம்.

மலைக்குக் கீழே சேந்தமங்கலம் சந்தையில் ஒரு வியாபாரியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"மெட்ராசுலயே எலெக்சன்ல ஜெயிச்சவங்க, வெள்ளைக்கார கவர்னர் குறுக்கிடுவாருன்னு பதவிக்கு வரமாட்டேங்கறாங்க. உங்க மலைக்கு என்னங்க அவசரம்?"

"மெட்ராசுக்கு என்னங்க, அதுக்கு மறு கல்யாணமா ஆகணும்?" என்றேன்.

சாமைக் கதிர் பழுக்கும் நேரத்தில் இரண்டு ஊர் ஒருவழியாகச் சேர்ந்து ஒருவரை உட்காரவைத்தன. முதல் வழக்கு எங்களுடையது. புதுப் பட்டக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணு, எல்லாக் கூட்டத்துக்கும் ஒண்ணா வந்தீங்க. ஒண்ணா தின்னீங்க. இந்த நாட்டுலயே ஒத்துப்போனது நீங்க ரெண்டு பேருதான். இதுல முறிக்க என்ன இருக்குது?"

கூட்டம் சிரித்தது.

"ஏனுங்க, பிரியறதுக்குத்தானுங்க ஒண்ணா வந்தோம்," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். சேர்ந்து வர முடிஞ்சுதல்ல?"

புருஷனைப் பார்த்தேன். "வாயைத் தொறந்து சொல்லு. வழியெல்லாம் பேசினியே."

அவர் எழுந்து போய்ப் பக்கத்துக் கூரையிலிருந்து ஒரு புல்லை உருவி வந்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"அது என் வேலை," என்றார் பட்டக்காரர்.

"நீங்க உக்கார ரொம்ப நாளாயிப்போச்சுங்க," என்றார் என் புருஷன். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இழுத்தோம். முறிந்தது. அது செல்லும் என்றும் யாரும் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் சேர்ந்த இரண்டு ஊரும் மறுபடி பிரிந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

அன்றே, எனக்காகக் காத்திருந்தவரிடம் போக, திருப்புலி நாட்டுப் பாதையில் நடந்தேன். கொஞ்ச தூரம் அவரும் கூடவே வந்தார். எதற்கு வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, மழை வரும் போல என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.